காவிட் கபிதானும் உங்கள் தெரு 'காப்'பும்

பிலிப்பைன்ஸின் பகூரில் வாடகை வீட்டில் இருக்கும் தம்பி கேட்டது இது: பக்கத்து ஊர் காவிட்டில், நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் அகினால்டோவைக் 'கபிதான் மியோங்' என்கிறார்களே, ராணுவ கேப்டனா? வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை என்றால், கோர்ட்டுக்குப் போகும் முன் பராங்கை (ஊரின் மிகச் சிறிய நிர்வாகப் பகுதி) தலைவரைப் பார் என்கிறார்களே, ஏன்?

இரண்டும் ஒரே பதவியின் கதை. எமிலியோ அகினால்டோ, ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்த புரட்சித் தளபதியாவதற்கு முன்பே ஊர்த் தலைவர். அப்பா கார்லோஸும் அதே ஊருக்குத் தலைவராக இருந்தவர். மகன் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். எமிலியோவுக்கு 17 வயதானபோது, ஸ்பானியப் படைக்குப் பிடித்துப் போய்விடுவார்கள் என்று பயந்து அம்மா அவரை பினாகாயன் பகுதிக்குக் கபேசா ஆக்க ஏற்பாடு செய்தார். கபேசா என்றால் ஏறக்குறைய ஐம்பது குடும்பங்களுக்குப் பொறுப்பு: வரி வசூல், அரசு வேலைக்குக் கட்டாய ஆள் அனுப்புவது. கபேசாவுக்கு மட்டும் வரியும் இல்லை, கட்டாய வேலையும் இல்லை. ஆனால் வசூல் குறைந்தால் கைக்காசு போட்டு நிரப்ப வேண்டும். நிலபுலனை அதில் இழந்த கபேசாக்கள் உண்டு. கௌரவப் பதவி என்பது பாதிதான் உண்மை.

ஸ்பெயின் கொண்டுவந்த 1893இன் மௌரா உள்ளாட்சிச் சட்டம் ஊர்த் தலைவருக்கு 'கபிதான் முனிசிபல்' என்று பெயர் வைத்தது. ஊர் ஜனம் ஓட்டுப் போடவில்லை. பன்னிரண்டு பெரிய மனிதர்கள் தேர்ந்தெடுத்தார்கள்: கபேசாக்கள் 6, முன்னாள் தலைவர்கள் 3, அதிகம் வரி கட்டுவோர் 3. காவிட்டில் அந்தப் பெயரோடு முதலில் பதவியேற்றவர் அகினால்டோ, 1895 ஜனவரி 1, வயது 25. அதே ஆண்டு ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த கதிபுனான் ரகசிய சங்கத்தில் சேர்ந்தார். 1896 ஆகஸ்ட் 31 அன்று, தான் தலைமை வகித்த ஊர் மன்றத்தையே ஆட்களோடு போய்க் கைப்பற்றினார். வசூல் கணக்கும் ஊர் ஆட்களும் தெரிந்த தலைவர் எதிர்ப்பக்கம் போனது ஸ்பெயினுக்குப் பெரிய இழப்பு. (1898 ஜூன் 12 சுதந்திரப் பிரகடனம் அவர் வீட்டு ஜன்னலில் வாசிக்கப்பட்டது. இப்போது எல்லோரும் படம் எடுக்கும் மாடம் பிறகு கட்டியது.)

அமெரிக்கர் காலத்தில் ஊர்த் தலைவர் பெயர் மாறி, இன்று மேயர். 'கபிதான்' பட்டம் கீழே இறங்கிப் பராங்கைத் தலைவரிடம் வந்துவிட்டது, பேச்சில் 'காப்'. செதுலா என்ற வரிச்சீட்டும் அந்தக் காலத்து மிச்சம். 1896இல் புரட்சிக்காரர்கள் கிழித்தெறிந்த அதே வரிச்சீட்டு, வேறு சட்டத்தின்கீழ் இன்றும் உண்டு: அடிப்படை 5 பெசோ, ஆண்டு வருமானத்தில் ஆயிரத்துக்கு 1 பெசோ கூடுதல். பிப்ரவரிக்குள் கட்டாவிட்டால் வட்டி ஏறும். மூன்று மாதத்துக்குள் வந்துபோகும் பயணிக்கு இது இல்லை.

இனி முன்பணம். 1991 உள்ளாட்சிச் சட்டப்படி, நீங்களும் வீட்டுக்காரரும் ஒரே நகரில் வசித்தால் முதலில் பராங்கை சமரசம்தான். அதைத் தாண்டிப் போனால் வழக்கு திரும்பி வந்துவிடும். பலர் தவறுவது இங்கே: நீங்கள் இருக்கும் பராங்கை அல்ல, அவர் வசிக்கும் பராங்கையில் புகார் கொடுக்க வேண்டும். அவர் மணிலாவில் இருந்தாலோ, வீடு கம்பெனி பெயரில் இருந்தாலோ இந்தப் படி தேவையில்லை. ஒப்பந்தம், ரசீது, குறுஞ்செய்திகளின் பிரதிகள் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். வக்கீலை உள்ளே விடமாட்டார்கள். காப் பேசிப் பார்க்க 15 நாள். முடியாவிட்டால் மூவர் குழு, இன்னொரு 15 நாள், தேவைப்பட்டால் நீட்டிப்பு. அதுவும் ஆகாவிட்டால் வழக்குப் போடலாம் என்று சான்று தருவார்கள்.

சமரசம் ஆனால் எழுத்தில் வரும். மோசடி, மிரட்டல் என்று 10 நாளுக்குள் மறுக்காவிட்டால் அது தீர்ப்புக்குச் சமம். உங்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதித்தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உள்ளூர் மொழியான தகாலோக் புரியாவிட்டால் ஆங்கிலத்தில் கேட்டு வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.