பந்தியில் கேட்ட கேள்வி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தினமும் விடியற்காலையில் அரைமணி நேரம் தியானத்தில் உட்காருகிறேன். 2018 தாமிரபரணி புஷ்கரத்துக்குப் பாபநாசத்தில் நீராடியவன். பௌர்ணமிதோறும் எங்கள் குழு அன்னதானம் போடுகிறது. போன மாதம் பந்தியில் ஒரு பையன், “சாப்பாடு நல்லாருக்கு அண்ணே, எங்கம்மா பீடிக் கூலிக்கு ஆராவது பேசுவியளா?” என்று கேட்டான். “அது அரசியல், இங்க வேண்டாம்” என்று எங்கள் குழுவின் மூத்தவர் முடித்துவிட்டார். அதன்பிறகு தியானத்தில் உட்கார்ந்தால் அந்தப் பையன் முகம்தான் வருகிறது. ஆன்மிகத்தையும் இதையும் எப்படிச் சேர்ப்பது?

ஒரு வாசகர், கடையம் பக்கம்

அன்புள்ள தம்பி,

எங்கம்மாவும் பீடி சுற்றியவள்தான். சுளவை மடியில் வைத்து, நனைத்த இலையைக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி முடிக்கையில் ராத்திரியாகிவிடும். மறுநாள் கடையில் கொண்டு கொடுக்க நானும் போவேன். கடைக்காரர் நெற்றியில் பட்டை விபூதி. ஆயிரம் பீடிக்குப் போதாத இலையைக் கொடுத்துவிட்டு ஆயிரம் எண்ணி வாங்குவார். குறையும் இலையை அம்மா கைக்காசு போட்டு வாங்கவேண்டும். ‘சரியில்லை’ என்று கழிக்கிற பீடிக்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்பி வராது. அவரே பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பாயசத்தோடு பந்தி போடுவார். ஒருமுறை அம்மா என் இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “நம்ம கழிச்ச பீடிதாம்ல பாயசமா வந்திருக்கு, குடி.”

கடைக்காரர் போலிப் பக்தர் என்று நான் நினைக்கவில்லை. சாஸ்தா முன்னால் அவர் கண்கலங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். பீடி எண்ணும்போது மட்டும் சாஸ்தா நினைவு வராது, அவ்வளவுதான்.

சேர்ப்பது எப்படி என்கிறீர்கள். நம் பக்கம் பல ஊர்களில் நிழல் தாங்கல் உண்டு, அய்யா வைகுண்டர் வழியில் வந்தவர்கள் கும்பிடுகிற இடம், ஒருநாள் போய்ப் பாருங்கள். ஆண்கள் தலைப்பாகையோடுதான் உள்ளே போவார்கள். எதிரே சாமி சிலை இராது, கண்ணாடி இருக்கும். அய்யா வைகுண்டர் (1809–1851) சாமித்தோப்பில் இருந்த காலத்தில் அது திருவிதாங்கூர் ராஜ்யம். கீழே வைக்கப்பட்ட சாதிக்காரன் தலையில் துணி கட்டக்கூடாது, பெண்கள் தோளில் சேலை போடக்கூடாது. அங்கே அவர் தலைப்பாகை கட்டிச் சாமி கும்பிடச் சொன்னார். எல்லாச் சாதியும் இறைக்க ஒரு கிணறு வெட்டினார். அரசு அவரைச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. இதில் எதுவரைக்கும் ஆன்மிகம், எங்கிருந்து அரசியல் என்று உங்கள் மூத்தவரைக் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

புஷ்கரம் என்றீர்கள். எனக்கு அந்த ஆறு வேறொன்றையும் நினைவுபடுத்தும். 1999 ஜூலை 23, வெள்ளிக்கிழமை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காக கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி. தப்பிக்க ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அன்று சாயங்காலம் நான் நெல்லையப்பர் கோயிலில் பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தேன். காதில் விழத்தான் செய்தது. மூன்று சுற்றையும் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். உங்கள் மூத்தவர் மேல் எனக்குக் கோபம் வராததற்கு அதுதான் காரணம்.

தியானத்தை விடவேண்டாம். (எனக்கு அது வராது, பத்து நிமிடத்தில் முட்டுவலிதான் வரும்.) அந்தப் பையனின் அம்மா பீடி கொடுக்கப் போகும்போது ஒருநாள் கூடப் போய்க் கடைத் திண்ணையில் உட்காருங்கள். எவ்வளவு இலை கொடுக்கிறார்கள், எத்தனை கழிக்கிறார்கள், வைப்பு நிதிக் கணக்கு அவள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். இலை கொடுப்பது, பீடியைக் கழிப்பது, கழித்ததற்குக் கூலி, இந்த மூன்றிலும் தகராறு வந்தால் தீர்த்துவைக்க ஓர் அதிகாரி உண்டு என்று 1966-ஆம் வருடத்துப் பீடித் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025-இல் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது, இப்போது யாரிடம் போகவேண்டும் என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேளுங்கள். பெரும்பாலான பெண்களுக்கு அதை யாரும் சொன்னதில்லை. மனு எழுதத் தெரிந்த ஒருவர் உங்கள் குழுவில் இல்லாமலா போவார்?

மூத்தவரையும் கூப்பிடுங்கள். முதல் தடவை வரமாட்டார். அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி கேளுங்கள்.