உள்தாழ்ப்பாள் போட்ட அறை: வாசகர் கேள்விகள்

உள்ளே பூட்டிய அறையில் பிணம் இருக்க, கொலையாளி எப்படி வெளியேறினான் என்று தெரியாத பூட்டிய அறைக் கொலைக்கதை என்றாலே ஜான் டிக்சன் கார் பெயரைத்தான் சொல்கிறார்கள். நான் இதுவரை அவரைப் படித்ததில்லை. எதில் ஆரம்பிக்கலாம்?
*வாசகி, அடையாறு*

'தி ஜூடாஸ் விண்டோ' (1938). பலரும் 'தி ஹாலோ மேன்' (1935) நாவலைத்தான் முதலில் கையில் கொடுப்பார்கள். 1981-ல் எட்வர்ட் ஹோக் என்ற எழுத்தாளர், சிறந்த பூட்டிய அறைக் கதை எது என்று சக எழுத்தாளர்களும் விமர்சகர்களுமாக 17 பேரிடம் கருத்துக் கேட்டபோது முதலிடம் பெற்றதும் அதுதான். ஆனால் அதன் முடிச்சு கடினமானது. யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு படித்தால்தான் கடைசி அத்தியாயம் ருசிக்கும். முதல் புத்தகத்துக்கு அவ்வளவு பாடு வேண்டாம்.

'ஜூடாஸ் விண்டோ'வின் நிலைமையை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். வருங்கால மாமனாரைப் பார்க்கப் போகும் இளைஞன், அவர் கொடுத்த விஸ்கியைக் குடித்து மயங்குகிறான். விழித்துப் பார்த்தால் அவர் நெஞ்சில் அம்பு குத்தியிருக்கிறது. கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, ஜன்னல்கள் எஃகுக் கதவால் அடைத்திருக்கின்றன. அறையில் வேறு யாரும் இல்லை. அதன் பிறகு பெரும்பாலும் நீதிமன்றம்தான். ஒவ்வொரு சாட்சியாக வந்து போக, அறையின் ஒவ்வொரு மூலையும் நமக்கு அத்துப்படியாகிவிடும்.

கார் அமெரிக்கர். 1906-ல் பென்சில்வேனியாவில் பிறந்தார். ஆங்கிலேயப் பெண்ணை மணந்துகொண்டு 1930-களில் இங்கிலாந்தில் குடியேறியதால் கதைகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். ஒரே வருஷத்தில் நான்கு நாவல்கள் வந்த காலமும் உண்டு. அதனால் இரண்டு பெயர்களில் எழுதினார். கார் என்ற பெயரில் வந்தால் துப்பறிபவர் பெரும்பாலும் டாக்டர் கிடியன் ஃபெல். கார்ட்டர் டிக்சன் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் சர் ஹென்றி மெர்ரிவேல். 'ஜூடாஸ் விண்டோ' இந்த இரண்டாவது பெயரில்தான் வந்தது. கடையில் கேட்கும்போது இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

பாரதி சாலை நடைபாதைக் கடையில் வேறு வேறு தலைப்பில் இரண்டு கார் நாவல்கள் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டும் ஒரே கதை. இது எப்படி?
*வாசகர், திருவல்லிக்கேணி*

இங்கிலாந்துப் பதிப்புக்கு ஒரு தலைப்பு, அமெரிக்கப் பதிப்புக்கு இன்னொன்று. 'தி ஹாலோ மேன்' அமெரிக்காவில் 'தி திரீ காஃபின்ஸ்'. 'தி பிளாக் ஸ்பெக்டகிள்ஸ்' அங்கே 'தி பிராப்ளம் ஆஃப் தி கிரீன் கேப்ஸ்யூல்'. 'தி டென் டீகப்ஸ்' அங்கே 'தி பீகாக் ஃபெதர் மர்டர்ஸ்'. பழைய புத்தகக் கடைகளில் இரண்டு நாட்டுப் பதிப்புகளும் கலந்தே கிடக்கும். காசு கொடுக்கும் முன் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தையும் முதல் பத்தியையும் பாருங்கள். கடைசிப் பக்கத்தையும் பாருங்கள், வாசிக்காமல், இருக்கிறதா என்று மட்டும். பசை விட்டுப்போன பழைய பேப்பர்பேக்கில் முதலில் கழன்று விழுவது பெரும்பாலும் கடைசித் தாள்கள்தான். இந்த வகைப் புத்தகத்தில் அது போனால் எல்லாம் போச்சு.

மயிலாப்பூர்ப் பழைய வீடு ஒன்றில் நடக்கிற மாதிரி சிறுகதை எழுதுகிறேன். கொலையாளி வெளியே வந்த பிறகு நூலால் இழுத்து உள்தாழ்ப்பாளைப் போட்டுவிடுகிறான். இது நடக்காது என்கிறார் நண்பர். நடக்குமா?
*வாசகர், மயிலாப்பூர்*

எந்தத் தாழ்ப்பாள் என்பதைப் பொறுத்தது. பழைய வீட்டு இரட்டைக் கதவில் மேலே ஒரு டவர் போல்ட் (செங்குத்தாக நகரும் தாழ்ப்பாள்), கீழே ஒரு டவர் போல்ட், நடுவில் ஒரு குறுக்குத் தாழ்ப்பாள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

மேல் போல்ட்டை மறந்துவிடுங்கள். அதை மேலே தள்ளினால் மட்டும் நிற்காது, குமிழைப் பக்கவாட்டில் திருப்பவும் வேண்டும். ஒரு நூல் ஒரு திசையில்தான் இழுக்கும்.

குறுக்குத் தாழ்ப்பாளில் செய்யலாம். சுமார் 15 அடி நூலை இரண்டாக மடித்து, மடிப்பைக் குமிழில் மாட்ட வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. தாழ்ப்பாள் போய் நுழைகிற வளையத்துக்கு அப்பால், அதே உயரத்தில், ஒரு குண்டூசி. இரண்டு நூல் நுனிகளையும் அந்த ஊசியைச் சுற்றிக் கீழே இறக்கி, கதவடி இடுக்கு வழியாக வெளியே விட வேண்டும். வெளியே வந்து கதவைச் சாத்தி இரண்டு நுனியையும் சேர்த்து இழுத்தால் தாழ்ப்பாள் நகரும். பிறகு ஒரு நுனியை விட்டு மற்றதை இழுத்தால் நூல் முழுதும் கைக்கு வந்துவிடும். ஊசியின் தலையில் கட்டிய தனி நூலால் ஊசியையும் பிடுங்க வேண்டும்.

உங்கள் நண்பர் சொல்வது இந்த இடத்தில்தான் சரியாகிறது. ஊசியை அழுத்திக் குத்தினால் கீழிருந்து இழுக்கும்போது வளையும், கழலாது. லேசாகக் குத்தினால் தாழ்ப்பாள் நகரும் முன்பே கழன்றுவிடும். தையல் நூல் என்றால் துருப்பிடித்த தாழ்ப்பாளில் அறுந்துபோகும். தூண்டில் நரம்பு அறாது, ஆனால் கதவின் பெயிண்ட்டில் கோடு கிழிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறிவிட்டால் தாழ்ப்பாளும் வளையமும் நேருக்கு நேர் வராது. கையால் போடுவதற்கே கதவைத் தோளால் முட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே கொலையாளி முன்கூட்டியே எண்ணெய் விட்டிருக்க வேண்டும். உங்கள் கதைக்கு நல்ல தடயம் இதுதான். வீட்டில் மற்ற எல்லாத் தாழ்ப்பாளும் துருவேறிக் கீச்சிட, இது ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறது. அதை மூன்றாம் பக்கத்திலேயே, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், வாசகர் கண்ணில் காட்டிவிடுங்கள்.

கீழ் போல்ட் தன் எடையிலேயே இறங்கும். குமிழுக்கும் அதன் அடி வளையத்துக்கும் நடுவே ஒரு ஐஸ் சில்லைச் செருகிவிட்டு வந்தால், உருகியதும் குழியில் விழும். விழ வேண்டும். நம் வீடுகளில் அந்தத் தரைக்குழி பல வருஷத் தூசியால் அடைந்து கிடக்கும். அன்று மட்டும் குழி சுத்தமாக இருந்தது என்றால் அதுவும் தடயம்தான்.

இருந்தாலும் நூலைக் கடைசித் தீர்வாக வைக்காதீர்கள். அதைப் பொய்த் தீர்வாக வையுங்கள். இன்ஸ்பெக்டர் செய்து பார்க்கட்டும், நூல் அறுந்து போகட்டும். அதற்குப் பிறகு ஒருவர் கேட்கட்டும்: "உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது என்று முதலில் சொன்னது யார்?" காரின் சிறந்த நாவல்களில் நம்மை ஏமாற்றுவது கதவு அல்ல. நாம் கேட்காமலே நம்பிவிட்ட ஒரு வாக்கியம், அல்லது ஒரு நேரம்.

வெளிநாட்டுக் கதைகளில் பனியில் காலடித்தடம் இல்லாமல் கொலை நடக்கிறது. சென்னையில் பனிக்கு எங்கே போவது?
*வாசகி, மேற்கு மாம்பலம்*

காரே பனியை மட்டும் நம்பவில்லை. 'தி பிராப்ளம் ஆஃப் தி வயர் கேஜ்' (1939) டென்னிஸ் மைதானத்து ஈர மண்ணில் நடக்கிறது. 'தி விட்ச் ஆஃப் தி லோ டைட்' (1961) கடற்கரை மணலில். மெரினாவும் பெசன்ட் நகரும் இருக்கிற ஊரில் மணலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அலை நனைத்த பட்டையில்தான் தடம் தெளிவாக விழும். மேலே உள்ள உலர்ந்த மணலில் வெறும் பள்ளம்தான், யாருடைய கால் என்று தெரியாது.

அதைவிட நல்லது மார்கழிக் கோலம். வாசல் தெளித்து விடியுமுன் போட்டது, காலையில் ஒரு இழைகூடக் கலையாமல் இருக்கிறது. அப்படியானால் யாரும் வெளியே போகவில்லை. மூன்று விஷயம் கவனியுங்கள். கோலம் சுவரோடு சுவராக வாசலை அடைத்திருக்க வேண்டும், இரண்டடிக் கோலத்தை யாரும் தாண்டிவிடுவார்கள். அரிசிமாவு வேண்டாம், எறும்பும் அணிலும் வெயில் ஏறுமுன் கலைத்துவிடும், கல்மாவு நிற்கும். கோலம் போட்டவர் எத்தனை மணிக்குப் போட்டார் என்பதற்கு அவர் அல்லாத ஒரு சாட்சி வேண்டும், பால் போடுபவர் மாதிரி. இந்த மூன்றாவதில்தான் உங்கள் முடிச்சு ஒளிந்திருக்கலாம்.

'தி ஹாலோ மேன்' 17-ஆம் அத்தியாயத்தில் பூட்டிய அறை பற்றி ஒரு சொற்பொழிவே இருக்கிறதாமே. அதை மட்டும் தனியாகப் படிக்கலாமா?
*வாசகர், பெரம்பூர்*

படிக்கலாம், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். டாக்டர் ஃபெல் அதில் பிறர் கதைகளின் ரகசியங்களையும் தொட்டுச் செல்கிறார். பழைய கதைகளைப் படித்து முடித்துவிட்டுப் போனால் நஷ்டமில்லை.

நாம் ஒரு துப்பறியும் கதைக்குள்தான் இருக்கிறோம், இல்லையென்று நடிப்பானேன் என்று அவரே சொல்லிவிட்டுத் தொடங்குகிறார். அவர் பிரிக்கும் வகைகளில் சில: கொலையே அல்ல, விபத்துகள் ஒன்றுகூடிக் கொலை போலத் தெரிந்தது, அறைக்குள் முன்பே வைத்த பொறி கொன்றது, கொலை போலத் தோன்றும்படி செய்துகொண்ட தற்கொலை, இறந்துவிட்டவரை உயிரோடு இருப்பதாகக் காட்டிய ஆள்மாறாட்டம். அடுத்தது கதவு: சாவியை இடுக்கியால் வெளியிலிருந்து திருப்புவது, கீலைக் கழற்றி மாட்டுவது, நூல், ஐஸ். கடைசியாக, வெளியே பூட்டிச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, கதவை உடைக்கும் களேபரத்தில் முதல் ஆளாக உள்ளே கைவிட்டு, சாவி உள்பக்கம் இருந்ததாகக் 'கண்டுபிடிப்பது'. கருவி எதுவும் தேவையில்லாத வழி இது, எல்லாரும் பதறிக்கொண்டிருந்தால் போதும். எழுதுகிறவர்கள் இந்தக் கடைசி வகையைத்தான் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

டாக்டர் ஃபெல் நிஜ மனிதர் யாரையாவது பார்த்து எழுதப்பட்டவரா?
*வாசகர், ஆவடி*

ஆம், ஜி.கே. செஸ்டர்டனை. அந்தப் பருத்த உடம்பு, தோளில் போர்த்திய மேலங்கி, தொப்பி எல்லாம் அவருடையவை. துப்பறியும் பாதிரியாரான பாதர் பிரவுன் கதைகளை எழுதிய செஸ்டர்டன் மீது காருக்குத் தீராத மரியாதை.