கப்பல் பயணத்துக்கு எதை எடுப்பது, எதை விடுவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டிசம்பர் விடுமுறையில் சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறவிருக்கும் குடும்பங்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை.

ஆறு பேருக்கு நாலு பெரிய சூட்கேஸ். கைப்பை வேறு வேண்டுமா? (கல்லடி)

கட்டாயம் வேண்டும். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளுக்கு அட்டை கட்டி வாங்கிக்கொள்வார்கள். அவை உங்கள் அறை வாசலுக்கு வர மணிக்கணக்காகும், சிலவேளை இரவுச் சாப்பாடும் முடிந்துவிடும். பிள்ளைகள் ஏறிய உடனேயே குளத்தில் இறங்க நிற்பார்கள். அதனால் பாஸ்போட், மருந்து, சார்ஜர், ஆளுக்கொரு மாற்றுடுப்பு, பிள்ளைகளின் நீச்சலுடுப்பு எல்லாம் கையோடு இருக்கட்டும். மட்டக்களப்பிலிருந்து இரவு ரயில், பிறகு கட்டுநாயக்க, விமானம் என்று போகிறவர்களுக்கு அந்தப் பைதான் வழி முழுக்க உதவும். நாலு சூட்கேஸ் அதிகம். கப்பல் அறை சின்னது, கட்டிலுக்குக் கீழே போகிற அளவில் இரண்டு போதும்.

அம்மம்மாவுக்கு வெற்றிலை இல்லாமல் முடியாது. கொண்டுபோகலாமா? (அக்கரைப்பற்று)

வெற்றிலையோடு போடும் புகையிலை வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் மெல்லும் புகையிலைக்குத் தடை, சின்னத் துண்டென்றாலும் குற்றம்தான். அவவின் வெற்றிலைப் பையை நீங்களே கொட்டிப் பாருங்கள். கடையில் மடித்துத் தந்த சரைக்குள்ளும் ஒரு துண்டு கிடக்கும். நெடுங்காலம் போட்டவர் திடீரென்று விட்டால் தலையிடியும் எரிச்சலும் வரும், பாவம். இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லுங்கள், டொக்டரிடமும் ஒருமுறை கேளுங்கள்.

கடல் ஆட்டத்துக்குச் சத்தி வருமா? (கல்முனை)

பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகள் உண்டு. ஆனால் நமக்கு மாரி மழை தருகிற அதே வடகிழக்குக் காற்று டிசம்பரில் தென்சீனக் கடலையும் கிளப்பும், ஆயத்தமாகப் போவது நல்லது. சத்திக் குளிசையை ஆட்டம் தொடங்கமுன் போட்டால்தான் பலன். பிள்ளைகளுக்கு வயதும் நிறையும் பார்த்து டொக்டர்தான் அளவு சொல்லவேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே ப்ரோமெத்தசீன் என்ற சத்தி மருந்தைக் கொடுக்கவே கூடாது. குளிசைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், டொக்டர் எழுதித் தந்த துண்டோடு கொண்டுபோங்கள். அறை எடுக்கும்போது கீழ்த்தளத்தில் நடுப்பகுதியைக் கேளுங்கள், ஆட்டம் அங்கே குறைவு.

சின்னவன் வெளிச்சாப்பாடு தொடமாட்டான். ரைஸ்குக்கர் எடுக்கலாமா? (காத்தான்குடி)

முடியாது. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை என்பதால் குக்கர், கேத்தில், அயன், மெழுகுதிரி, ஊதுபத்தி எல்லாவற்றையும் ஏறும்போதே எடுத்துவிடுவார்கள். முத்திரை உடைக்காத பிஸ்கட், நூடில்ஸ் பெரும்பாலும் பரவாயில்லை. ஹலால் சாப்பாடு வேண்டுமென்று பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள், ஏறிய பிறகு கேட்டால் சமையலறைக்குச் சிரமம். பல கப்பல்களில் நம் மூன்று முள் பிளக் ஏறாது. சாதாரண அடாப்டர் ஒன்று எடுங்கள், எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம்.

சேலை எத்தனை? (திருக்கோவில்)

விருந்து இரவுக்கு ஒன்று போதும். அதைவிட ஒரு சால்வை அவசியம், உள்ளே ஏசி குளிர் கடுமை.