அமெரிக்க மைனர் லீக் பேஸ்பால் ரேடியோ வர்ணனையாளருக்கு மேலே போக வழி உண்டா?

உண்டு, ஆனால் ரொம்பக் குறுகலான வழி. உச்ச நிலையான மேஜர் லீக்கில் இருப்பதே 30 அணிகள்தான். அதற்குக் கீழே 4 நிலைகளில் 120 மைனர் லீக் அணிகள். ஆட்டக்காரர்களுக்கு வயதாகிவிடும், இடம் காலியாகும். மேலே உள்ள வர்ணனையாளரோ முப்பது நாற்பது வருடம் மைக்கை விடமாட்டார்!

வேலை என்று பார்த்தால், பேசுவது அதில் ஒரு பகுதிதான். காலையில் மைதானத்துக்கு வந்து அன்றைய ஆட்டக் குறிப்புகளைத் தயாரித்து, பத்திரிகைக்காரர்களுக்கு அனுப்பி, சில அணிகளில் விளம்பரமும் டிக்கெட்டும்கூட விற்றுவிட்டு, அப்புறம்தான் மைக் முன்னால் உட்கார வேண்டும், அதுவும் பல இடங்களில் துணைக்குப் பேச ஆள் இல்லாமல் தனியாக மூன்று மணி நேரம். வெளியூர் ஆட்டம் என்றால் அணியோடு பஸ் பயணம். பொதுவாகச் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே ஊரில் 6 ஆட்டம், திங்கள் ஓய்வு. சம்பளம் சுமார்தான், சீசன் முடிந்ததும் கல்லூரி கூடைப்பந்து வர்ணனைக்குப் போகிறவர்கள் நிறைய.

மேலே போனவர்களில் எர்னி ஹார்வெல் கதை தனி ரகம். 1948-இல் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற மேஜர் லீக் அணியின் வர்ணனையாளர் ரெட் பார்பர் நோயில் விழ, அட்லாண்டா கிராக்கர்ஸ் என்ற மைனர் லீக் அணியிடம் ஹார்வெலைக் கேட்டார்கள். அவர்கள் சும்மா விடுவார்களா? பதிலுக்கு கிளிஃப் டாப்பர் என்ற கேட்சரை, அதாவது பந்து பிடிக்கும் ஆட்டக்காரரை, வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள். பிறகு டெட்ராய்ட் டைகர்ஸில் 2002 வரை, நடுவில் 1992 மட்டும் விட்டு, அவர் குரல்தான்.