தாவரவியலில் மல்லிகைக் குடும்பத்தின் பெயரை (Oleaceae) எப்படிப் பிரித்து உச்சரிப்பது? ‘ஓலியேசி’ என்பது தவறா?

ஓ-லி-ஏ-சி-ஈ. ஐந்து அசை, அழுத்தம் நடுவிலுள்ள ‘ஏ’யில். கடைசி ‘ஈ’யைத்தான் நம்மில் பலர் விழுங்கிவிடுகிறோம்.

நீங்களும் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டுத் தாவரவியல் சேர்ந்தவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் பாடப்புத்தகத்தில் செம்பருத்திக் குடும்பம் மால்வேசி, கத்தரிக் குடும்பம் சொலானேசி என்றுதான் இருந்தது. அதையே நம்பிப் போனேன்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்கு 30 சென்ட் மல்லிகைத் தோட்டம். விடியுமுன் அரும்பு பறித்துக் கொடுத்துவிட்டுத்தான் மதுரைக்கு பஸ் ஏறுவேன். செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது பிச்சிப்பூ. அல்லிக் குழலை ஊசியால் கீறி, உள்சுவரில் ஒட்டியிருந்த இரண்டே இரண்டு மகரந்தத்தாள்களைப் பிரித்து வைத்தேன். அந்தக் குடும்பத்துக்கு அதுதானே அடையாளம்! “ஓலியேசி சார்” என்றேன். எக்ஸ்டர்னலாக (வெளித் தேர்வாளராக) வந்தவர், “என்னப்பா, ஏசி போடச் சொல்றியா?” என்றார். அறையே சிரித்தது. நான் பிரித்து வைத்ததை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இருபது வருஷமாகியும் அது ஆறவில்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஓலியா என்றால் லத்தீனில் ஆலிவ் மரம். அதோடு ‘ஏ-சி-ஈ’ என்ற குடும்ப விகுதி சேர்கிறது. அந்த விகுதி மட்டும் மூன்று அசை. பழைய லத்தீன் முறையில் சொன்னால் ஒ-லெ-ஆ-கெ-ஐ. லத்தீன் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் மேலே சொன்னது ஆங்கில வழக்கு. ஆங்கிலம் பேசுகிறவர்களிலேயே பலர் பேச்சில் ‘ஏசி’ என்றுதான் முடிக்கிறார்கள். தாவரப் பெயரிடல் விதிகள் எழுத்தைத்தான் கட்டுப்படுத்துகின்றன. உச்சரிப்புக்குச் சட்டம் கிடையாது. ஆகவே ‘ஓலியேசி’ என்றால் ஓர் அசை குறையும், அவ்வளவுதான். தாவரவியல் தெரியாது என்று ஆகிவிடாது.

பெயர் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு அப்புறமும் வெளியூர்ப் பூவைக் கூடையில் கலந்து ‘மதுரை மல்லி’ என்று விற்கிற வியாபாரியை நேரில் பார்த்திருக்கிறேன். விடியற்காலை இருட்டில் குனிந்து பறித்த எங்கள் அம்மாவின் பூவும் அதே விலைக்குத்தான் போனது. வயிறு எரிகிறது.

சரி, உங்களுக்கு வைவா (வாய்மொழித் தேர்வு) இருக்கிறதென்றால் முதல் நாள் இரவு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: மால்-வே-சி-ஈ, சொ-ல-நே-சி-ஈ, ஓ-லி-ஏ-சி-ஈ. கடைசி ‘ஈ’ தனியாகக் காதில் விழ வேண்டும்.