கோப்புறையை மறைப்பது வேறு, பூட்டுவது வேறு

கேள்வி: வீட்டில் ஒரே கணினியை நால்வர் பயன்படுத்துகிறோம். வங்கி ஆவணங்களும் மருத்துவ அறிக்கைகளும் உள்ள கோப்புறையை டி டிரைவில் மறைத்து வைத்திருந்தேன்; பிள்ளைகள் எளிதில் கண்டுபிடித்துவிட்டார்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பில் கோப்புறைக்குக் கடவுச்சொல் இட முடியுமா?

பதில்: கோப்புறைக்கு நேரடியாகக் கடவுச்சொல் இடும் வசதி விண்டோஸின் எந்தப் பதிப்பிலும் இல்லை. நீங்கள் செய்த 'ஹிடன்' ஏற்பாடு பாதுகாப்பே அன்று; எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் ஒரு குறியை மாற்றினால் மறைந்தவை அனைத்தும் வெளிப்பட்டுவிடும்.

முதலில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உருவாக்குங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உங்களிடம் மட்டும் இருக்கட்டும். மற்றவர்களுக்கு ஸ்டாண்டர்ட் கணக்கே போதும். அப்போது உங்கள் கணக்கின் டாக்குமென்ட்ஸ் கோப்புறையை அவர்களால் திறக்க முடியாது. ஆனால் டி டிரைவுக்கு இந்தக் காப்பு தானாகக் கிடைப்பதில்லை. அனுமதிகளை நீங்கள் மாற்றாதவரை, அங்குள்ளவற்றைக் கணினியில் கணக்குள்ள எவரும் பொதுவாகப் படிக்கலாம், அழிக்கவும் செய்யலாம். பலர் இடறுவது இங்கேதான்.

கணக்கின் கடவுச்சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தாலோ, பென்டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை இயக்கினாலோ, மறையாக்கம் (சாவியின்றிப் படிக்க இயலாதபடி தரவை மாற்றுதல்) செய்யப்படாத கோப்புகளை எந்தக் கடவுச்சொல்லும் இன்றிப் படித்துவிடலாம். டிரைவை மறையாக்கும் விண்டோஸின் பிட்லாக்கரை முழுமையாகக் கையாளும் வசதி ஹோம் பதிப்பில் இல்லை. சில கணினிகளில் மட்டும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற எளிய வடிவம் கிடைக்கும். அது இருந்தால் இயக்கி, அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கணினிக்கு வெளியே குறித்து வையுங்கள். எனினும் அது திருட்டுக்கு எதிரான காப்பே தவிர, நீங்கள் கணினியைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகும்போது அருகில் இருப்பவரைத் தடுக்காது.

உங்கள் தேவைக்கு நான் பரிந்துரைப்பது வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள். 2014இல் கைவிடப்பட்ட ட்ரூகிரிப்டின் வழிவந்தது இது. ஆவணங்களுக்கு 2 ஜிபி அளவில் ஒரு பெட்டகக் கோப்பை உருவாக்கிக் கடவுச்சொல் கொடுத்துத் திறந்தால், அது புதிய டிரைவாகத் தோன்றும். 'அன்மவுண்ட்' (பழைய பதிப்புகளில் 'டிஸ்மவுண்ட்') செய்து மூடியவுடன், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒற்றைக் கோப்பாக மாறிவிடும். கடவுச்சொல் 20 எழுத்துகளுக்குக் குறையாமல், தொடர்பில்லாத சில சொற்களைக் கோத்ததாக இருப்பது நல்லது. மறந்துவிட்டால் மீட்க வழியே இல்லை என்பதால், அதைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துவதில் தவறில்லை.

இரண்டு மூன்று கோப்புகள்தான் என்றால், 7-ஜிப் என்ற சுருக்க மென்பொருளில் கடவுச்சொல் இட்டு உருவாக்கும் தொகுப்புக் கோப்பே போதும். கோப்புப் பெயர்களையும் மறையாக்கும் குறியைத் தேர்வுசெய்ய மறவாதீர்கள். ஆனால் அதற்குள்ளிருந்தே ஒரு கோப்பைத் திறந்தால், மறையாக்கப்படாத தற்காலிகப் பிரதி ஒன்று வட்டில் உருவாகும். அன்றாடம் திறக்கும் ஆவணங்களுக்கு அது ஏற்றதன்று.

பெட்டகத்துக்கு மாற்றியபின் பழைய கோப்புகளை அழித்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும், மீட்பு மென்பொருள்களால் அவற்றை மீட்க இயலக்கூடும். மேலெழுதி அழிக்கும் கருவிகள் பழைய ஹார்ட் டிஸ்க்கில் பயன்தரும். சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அவற்றை நம்ப இயலாது. ஆகவே இனி வரும் ஆவணங்களைத் தொடக்கத்திலேயே பெட்டகத்துக்குள் சேமியுங்கள். பெட்டகத்தைத் திறக்க முடியாதவரும் அந்த ஒற்றைக் கோப்பை அழித்துவிட முடியும். எனவே அதை உங்கள் டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் வைத்து, வெளி டிஸ்க் ஒன்றில் அதன் நகலையும் மாதந்தோறும் புதுப்பித்து வாருங்கள்.