வாங்கும் முன் கேளுங்கள்: மேகத்துக்கும் மீட்டர் ஓடும்

பகலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் அலுவலகத்தின் சர்வர்களுக்குக் காவல், இரவில் உங்கள் கடிதங்கள். இந்த முறை வந்தவை எல்லாம் கேமிங், கிளவுட் (தலைப்பில் உள்ள மேகம், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினி) என்றே இருக்கின்றன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பிங் குறையும் என்று பெட்டியில் போட்டிருந்ததால் 4,500 ரேண்டுக்கு ஒரு கேமிங் ரவுட்டர் வாங்கினேன். ஐரோப்பிய சர்வரில் ஆடினால் பிங் 170க்குக் கீழே இறங்குவதே இல்லை. ரவுட்டர் பழுதா அண்ணா?
– கல்லூரி மாணவர், சாட்ஸ்வொர்த்

பதில்: ரவுட்டரில் பழுதில்லை தம்பி, கடல் பெரியது. பிங் என்பது உங்கள் தகவல் சர்வர் வரை போய்வர ஆகும் நேரம், மில்லி வினாடியில். கேப் டவுனுக்கு வடக்கே கடலில் இறங்கி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாகவே ஐரோப்பா போகும் டபிள்யூ.ஏ.சி.எஸ். கேபிள் 2012இல் பயன்பாட்டுக்கு வந்தது. நீளம் சுமார் 14,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் ஓடும். அந்த நீளத்தைப் போய்வரக் கணக்குப் போடுங்கள்: 145 மில்லி வினாடி. இடையில் உள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. நம் பக்கம் முட்டுன்சினியில் கரையேறும் சீகாம் கேபிளும் செங்கடல் வழியாகத்தான் ஐரோப்பா போகிறது. குறுக்கு வழி எதுவும் கிடையாது. வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இதில் எந்தக் கிலோமீட்டரைக் குறைக்கும்?

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், நானும் ஒன்று வாங்கினேன். எட்டு ஆன்டெனா, மல்லாந்து கிடக்கும் சிலந்தி மாதிரி இருக்கும். 2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் கரைக்கு அப்பால் டபிள்யூ.ஏ.சி.எஸ். உட்பட நான்கு கேபிள்கள் ஒரே நாளில் பழுதடைந்தன. அன்று என் எட்டு ஆன்டெனாக்களும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றன.

ரவுட்டரால் முடிகிற வேலை ஒன்று உண்டு. அம்மா தொடர் பார்க்கும்போது உங்கள் ஆட்டத்தின் தகவலை வரிசையில் முன்னால் விடுவது. அந்த வசதி சாதாரண ரவுட்டர்கள் பலவற்றிலும் இருக்கிறது, யாரும் மெனுவைத் திறந்து பார்ப்பதில்லை. அடுத்து, வைஃபையை விட்டுவிட்டு ஒரு கேபிளைச் செருகுங்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஜொகன்னஸ்பர்க்கில் சர்வர் இருக்கும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். இணையத்தில் வாங்கிக் கைக்கு வந்து ஏழு நாள் ஆகவில்லையா? 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம், 44ஆம் பிரிவு: காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம். அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. பழையதற்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வெருலம் வாசகர்

பதில்: ஹெர்ட்ஸ் என்பது திரை வினாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்ற கணக்கு. விண்டோஸ் அமைப்பில் அது இன்னும் 60இல் நிற்கும். கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் அதைப் போய் மாற்றுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்த ஒரு பையன், பேரன் விளையாட ஏற்றது என்று சொல்லி 24 மாத ஃபைபர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். இருப்பதிலேயே விலை கூடிய இணைப்பாம். பேரன் பிரிட்டோரியாவில் இருக்கிறான், தீபாவளிக்குத்தான் வருவான். வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா ஐயா?
– ஒரு பாட்டி, பீனிக்ஸ்

பதில்: முடியும் அம்மா. பத்திரிகையில் வரும்வரை காத்திருந்தால் நாள் ஓடிவிடும் என்பதால் உங்களுக்கு அன்றே தனியாக எழுதிவிட்டேன். இது மற்றப் பாட்டிகளுக்காக. வீடு தேடி வந்து விற்றால் அது நேரடி விற்பனை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு ஐந்து வேலை நாள் அவகாசம் தருகிறது. 'வேண்டாம்' என்று எழுத்தில் கொடுத்தால் போதும். காரணமும் சொல்ல வேண்டாம், அபராதமும் கட்ட வேண்டாம். தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள். எழுதியதற்கு ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். ஐந்து நாள் கடந்துவிட்டால் 14ஆம் பிரிவு இருக்கிறது: 20 வேலை நாள் முன்னறிவிப்போடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். அப்போது நியாயமான ஒரு கட்டணம் கேட்பார்கள். மீதி மாதங்கள் அத்தனைக்கும் பணம் கேட்டால் அது நியாயமான கட்டணம் ஆகாது. அந்தப் பையனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இத்தனை கையெழுத்து என்று அவனுக்கு இலக்கு வைத்து அனுப்பியவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: பயிற்சிக்காக கிளவுடில் ஒரு மெய்நிகர் கணினி எடுத்தேன். பழகி முடித்ததும் நிறுத்திவிட்டேன். ஆனாலும் மாதாமாதம் டாலரில் பணம் போகிறது.
– மென்பொருள் பயிற்சியாளர், லெனேசியா

பதில்: நிறுத்தினீர்கள், காலி செய்யவில்லை. மெய்நிகர் கணினி என்பது ஒரு பெரிய சர்வருக்குள் மென்பொருளால் பிரித்துக் கொடுத்த ஒரு பங்கு. வாடகை வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு வந்தால் வாடகை நின்றுவிடுமா? கணினி நின்றாலும் அதன் வட்டு உங்கள் பெயரில் இருக்கிறது, எடுத்து வைத்த நகல்கள் இருக்கின்றன, இணையத்தில் அதற்கென்று ஒதுக்கிக்கொண்ட ஐபி முகவரி இருக்கிறது. உதாரணத்துக்கு, அமேசான் கிளவுடில் 2024 பிப்ரவரி முதல் ஐபிவி4 வகைப் பொது ஐபி முகவரி ஒன்றுக்கு மணிக்கு 0.005 டாலர், பயன்படுத்தினாலும் சும்மா வைத்திருந்தாலும். கேட்கச் சில்லறை போல இருக்கும். மாதம் முடியும்போது 3.65 டாலர். கணினியை அழியுங்கள். பிறகு வட்டு, நகல், முகவரி ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடி அழியுங்கள். செலவு எச்சரிக்கை வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது மின்னஞ்சல் அனுப்பும். தானாக எதையும் அணைக்காது. கேப் டவுனில் இருக்கும் சர்வரை எடுத்தாலும் விலைப்பட்டியல் டாலரில்தான். ரேண்ட் இறங்கினால் நீங்கள் ஒன்றுமே செய்யாமல் செலவு ஏறும். என் நகல் ஒன்று பதினொரு மாதம் அனாதையாகக் கிடந்தது. அதற்கு எவ்வளவு கட்டினேன் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கேள்வி: அலுவலகத்தில் கழித்த சர்வர் ஒன்று 6,000 ரேண்டுக்கு வருகிறது. மெய்நிகர் கணினிகள் நான்கு அமைத்து, நான்கு பிள்ளைகளும் ஒரே பெட்டியில் வேலரண்ட் ஆடலாம் என்று திட்டம். எப்படி?
– டோங்காட் வாசகர்

பதில்: ஆட முடியாது. வேலரண்டின் வேன்கார்ட் காவல் மென்பொருள் மெய்நிகர் கணினிக்குள் ஆட்டத்தை நடத்தவே விடாது. அதில் நியாயமும் இருக்கிறது: உள்ளே ஓடும் ஆட்டத்தின் நினைவகத்தை வெளியே இருக்கும் கணினி ஒளிந்து பார்க்க முடியும், ஏமாற்ற நினைப்பவனுக்கு அதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? இன்னொன்று, 200 வாட் இழுக்கும் சர்வர் இரவு பகலாக ஓடினால் மாதம் 144 யூனிட். நானே ஏலத்தில் ஒன்று எடுத்தேன். இயக்கிய நிமிடமே விமானம் கிளம்பும் சத்தம்; நாய் அந்த அறைக்குப் போவதை நிறுத்திவிட்டது. மூன்றாவது வாரம் மின்வழங்கி போனது. ஏலத்தில் எடுத்த பொருளுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் தர உத்தரவாதப் பிரிவு பொருந்தாது என்பதைச் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தது அதற்குப் பிறகுதான். மெய்நிகர் கணினி பழகுவதுதான் ஆசை என்றால், இருக்கிற கணினியில் நினைவகத்தைக் கூட்டி விர்ச்சுவல்பாக்ஸ் போடுங்கள். அது இலவசம்.

கேள்வி: உயர்ந்த தரவரிசையில் இருந்த ஒரு கேம் கணக்கை முகம் தெரியாத ஒருவரிடம் 1,800 ரேண்டுக்கு வாங்கினேன். இரண்டாம் நாள் அவரே கடவுச்சொல்லை மாற்றி எடுத்துக்கொண்டார். எங்கே புகார் செய்யலாம்?
– பெயர் வேண்டாம், மெரிபேங்க்

பதில்: கணக்கை விற்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது, நீங்கள் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திய அதே விதி. போலீஸில் மோசடி என்று புகார் கொடுக்கலாம். கணக்கு திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். விளையாடாமல் கிடைக்கும் தரவரிசையை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக இருந்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கேள்வி: கடை ஒன்றில் பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன், ஆறு மாதச் சேமிப்பு. மூன்றே வாரத்தில் திரையில் கோடுகள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைக் காட்டுகிறார்கள். வேண்டுமானால் பழுது பார்த்துத் தருகிறார்களாம்.
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: பலகையைச் சுவரிலேயே விட்டுவிடுங்கள். வியாபாரமாக விற்பவர் பழைய பொருள் விற்றாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு அவரைப் பிடிக்கும். குறை என்னவென்று விற்கும்போதே உங்களிடம் தெளிவாகச் சொல்லி, நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் வேறு கதை. அப்படி நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. ஆறு மாதத்துக்குள் குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் தருவதா என்று தீர்மானிப்பது நீங்கள், கடைக்காரர் அல்ல. பணம் என்று எழுதிக் கொடுங்கள். பழுது பார்க்கச் சம்மதித்தாலும், மூன்று மாதத்துக்குள் மறுபடி கோடு விழுந்தால் அவர் மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் தர வேண்டும். மறுத்தால் நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளருக்குப் போங்கள். ரசீது, திரையின் படம், கடைக்காரர் எழுதிய பதில் மூன்றும் கையில் இருக்கட்டும். அவர் என்ன பதில் எழுதுகிறார் என்பதை எனக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: கேமிங் நாற்காலி வாங்கினால் ஆட்டம் மேம்படுமா?
– ஐசிபிங்கோ வாசகர்

பதில்: என்னுடையது விற்பனைக்கு இருக்கிறது. சிவப்பு நிறம், இடது கைப்பிடி ஆடும்.